ஜப்பானியருக்கு இங்கிலீஷ் வராத கதை

மும்பையில் தையல் மிஷின் உதிரி பாகங்கள் விற்பது என் தொழில். 1994-ஆம் வருடம், நல்ல மழைக்காலம். ஒசாகாவிலிருந்து ஒரு இன்ஜினீயர் எங்கள் கடைக்கு வந்தார். அவர்கள் அனுப்பிய சரக்கில் ஷட்டில் சீக்கிரம் தேய்ந்து போகிறது என்று நான் கடிதம் போட்டிருந்தேன். அவர்கள் பதில் எழுதாமல் ஆளையே அனுப்பிவிட்டார்கள். வந்தவர் குனிந்து வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், டீ குடித்தார். நான் எதைக் கேட்டாலும் "யெஸ், யெஸ்" என்று சிரித்தார். அரைமணி நேரம் போயிற்று. காரியம் ஒன்றும் நகரவில்லை. என் கணக்குப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "முதலாளி, இவருக்குப் பேச்சு வராதா?"

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் என் புகாரை இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை எடுத்து, அச்சடித்த மாதிரி எழுத்தில் மூன்று பத்தி பதில் எழுதினார். எஃகைப் பதப்படுத்தும்போது எங்கே பிழை நேர்ந்திருக்கலாம் என்ற விளக்கம். கூடவே, என் வாக்கியத்தில் விட்டுப்போயிருந்த ஒரு 'தி'யையும் சேர்த்துத் திருத்தினார்! அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காகிதத்திலேயே வியாபாரம் நடந்தது. கிளம்பும்போது, எத்தனை வருடம் இங்கிலீஷ் படித்தீர்கள் என்று எழுதிக் கேட்டேன். '8' என்று எழுதிவிட்டு வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

எட்டு வருடம் படித்து, என் இலக்கணத்தையே திருத்துகிற ஒருவருக்கு, "ஷட்டில் ஏன் தேய்கிறது" என்று வாயால் சொல்ல வரவில்லை. எனக்கோ பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்றால் வேப்பங்காய். ஆனால் கடையில் உட்கார்ந்த பத்தாம் நாள் முதல் தப்பும் தவறுமாகப் பொளந்து கட்டுகிறேன். இது என்ன விசித்திரம் என்று அன்று பிடித்த கிறுக்கு. ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதைப் புத்தகக் கடைகளில் ஜப்பான் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் படித்தேன். சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது அதையே எழுதலாம் என்று தோன்றியது. காரணம் உண்டு. இந்தக் கதையில் நம் நாடும் இரண்டு இடத்தில் வருகிறது. பெருமைப்படும்படியாக அல்ல.

துறைமுகத்தில் தொடங்கியது

ஜப்பான் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கியது ஆசையால் அல்ல, பயத்தால். இருநூறு வருடத்துக்கு மேல் கதவை மூடிவைத்திருந்த நாடு அது. ஐரோப்பியரில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் நாகசாகி துறைமுகத்தில் ஒரு சிறு தீவில் இடம். டச்சு மொழி தெரிந்த துபாஷிகள் பரம்பரை பரம்பரையாக அங்கே இருந்தார்கள். 1808-இல் 'ஃபேட்டன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தது. வரவேற்கப் போன டச்சுக்காரர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீரும் உணவும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அவமானம் தாங்காத நாகசாகி ஆட்சியாளர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். மறு வருடமே, "துபாஷிகள் எல்லாரும் இங்கிலீஷ் படியுங்கள்" என்று உத்தரவு வந்துவிட்டது. 1814-இல் சுமார் 6,000 சொற்கள் கொண்ட ஓர் இங்கிலீஷ் - ஜப்பானிய அகராதியும் தயாராகிவிட்டது. இங்கிலீஷ்காரன் முகத்தையே பார்க்காமல், டச்சுக்காரன் சொல்லக் கேட்டு எழுதிய அகராதி! சூடாமணி நிகண்டை மனப்பாடம் பண்ண வைத்த என் தாத்தா இதைக் கேட்டிருந்தால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்.

வாயால் பேசிக் கற்றுக்கொடுத்த முதல் ஆசிரியர் 1848-இல் வந்தார். ரனால்ட் மெக்டொனால்ட் என்று பெயர். தகப்பனார் ஸ்காட்லாந்து வழி, தாயார் அமெரிக்கப் பூர்வகுடி. கப்பல் கவிழ்ந்த மாதிரி நடித்து வடகோடித் தீவொன்றில் கரையேறினார். கைது செய்து நாகசாகிக்குக் கொண்டுபோனார்கள். காவலில் இருந்தபடியே பதினான்கு துபாஷிகளுக்குப் பாடம் சொன்னார். அவர்களில் ஒருவரான மொரியாமா எய்னொசுகேதான் 1854-இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியோடு நடந்த பேச்சுவார்த்தையில் துபாஷியாக இருந்தவர்.

கதவு திறந்த பிறகு நடந்ததற்கு ஃபுகுஸாவா யுகிச்சியின் அனுபவம் போதும். டச்சு மொழியை வருடக்கணக்காக உருப்போட்டவர். 1859-இல் யோகோஹாமா துறைமுகத்தை வேடிக்கை பார்க்கப் போனார். கடைப் பலகை ஒன்றுகூட வாசிக்க முடியவில்லை. பேசினால் யாருக்கும் புரியவில்லை. எல்லாம் இங்கிலீஷ். படித்ததெல்லாம் வீணாகப் போச்சே என்று மனம் உடைந்து திரும்பியவர், அடுத்த நாளே இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் கெய்யோ பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இவர்தான். ஜப்பானின் 10,000 யென் நோட்டில் 1984 முதல் 2024-இல் புது நோட்டு வரும்வரை இருந்த முகம் இவருடையது.

மொழியையே மாற்றிவிடலாமா?

1868-க்குப் பிறகு மெய்ஜி அரசு வந்தது. மேல்நாட்டுக் கல்வியை ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும் என்ற வேகம். அமெரிக்காவில் ஜப்பானின் தூதராக இருந்த மொரி அரினொரிக்கு வயது இருபத்தைந்துதான். அவர் 1872-இல் ஒரு கடிதம் எழுதினார். எங்கள் மொழி இந்தக் காலத்துக்குப் போதாது, இங்கிலீஷை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், ஆனால் அதைக் கொஞ்சம் சுலபமாக்கித் தரவேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். 'ஸீ' என்பதற்கு 'ஸா', 'ஸீன்' எல்லாம் எதற்கு, 'ஸீட்' என்று வைத்துக்கொள்ளலாமே. 'ஸ்போக்' எதற்கு, 'ஸ்பீக்ட்' போதுமே என்பது அவர் கட்சி. வியாபாரி கண்ணுக்கு நியாயமாகத்தான் படுகிறது!

கடிதம் போனது யேல் பல்கலைக்கழகத்தின் விட்னி என்பவருக்கு. வடமொழி படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இன்றும் புரட்டப்படும் சமஸ்கிருத இலக்கணம் ஒன்றை 1879-இல் வெளியிட்டாரே, அதே விட்னி. தன் மொழியையே தூக்கிக் கொடுக்க வந்தவரை அவர் தட்டிக்கொடுக்கவில்லை. பொதுமக்களிடம் கல்வி போய்ச் சேரவேண்டுமானால் அது அவர்கள் தாய்மொழி வழியாகத்தான் போகும், இங்கிலீஷ் படித்த சிறு கூட்டம் ஒன்று மேலே தனியாகப் பிரிந்து நின்றுவிடும் என்ற கருத்தில் பதில் எழுதினார். இங்கிலீஷை வெட்டித் திருத்துவதும் நடக்காது என்று சொல்லிவிட்டார்.

இன்னும் சூடான பதில் லண்டனிலிருந்து வந்தது. சட்டம் படித்துக்கொண்டிருந்த பாபா தட்சுயி என்ற ஜப்பானிய இளைஞர் 1873-இல் ஜப்பானிய மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டார். எங்கள் மொழிக்கு இலக்கணமே இல்லை என்கிறவர்கள் இதைப் பாருங்கள் என்று காட்டத்தான். அதன் முன்னுரையில் ஒரு வாதம் வைத்தார். பணக்காரனுக்கு அந்நிய மொழி படிக்க நேரம் இருக்கிறது. அன்றாடம் உழைத்தால்தான் சோறு என்கிறவனுக்கு அது இல்லை. அரசு, சட்டம், கல்வி எல்லாம் இங்கிலீஷில் நடந்தால் ஏழை வெளியே நிற்பான், ஒரே நாட்டில் இரண்டு ஜாதி உண்டாகும். இதற்கு உதாரணம் வேண்டுமா? இந்தியாவைப் பாருங்கள் என்றார்.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மெக்காலே குறிப்பு எழுதி முப்பத்தெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் லண்டனில் இருந்த ஒரு ஜப்பானியப் பையனுக்கு நாம் பாடமாகிவிட்டோம்! இன்னொரு வேடிக்கை: அந்த பாபா தன் நாட்குறிப்பை எழுதியது இங்கிலீஷில்தான். தன் காலில் தைத்த முள்ளைப் பற்றித்தான் அவர் ஊருக்குச் சொன்னார்.

மொரியின் யோசனை எடுபடவில்லை. அவர் பிறகு ஜப்பானின் முதல் கல்வி அமைச்சர் ஆனார். 1889-இல் அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்ட நாளன்று ஒரு வெறியனால் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார்.

ஜப்பான் எடுத்த வழி வேறு. எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார்கள். சும்மா வாயால் சொல்லிவிடுகிறோம், அது எவ்வளவு பெரிய வேலை! தத்துவம், சமுதாயம், உரிமை போன்ற கருத்துகளுக்கெல்லாம் சீன எழுத்துகளைக் கூட்டிச் சொல் செய்தார்கள். தத்துவத்துக்கு 'தெட்சுகாகு' என்ற சொல்லை உண்டாக்கியவர் நிஷி அமானே. இப்படிச் செய்த சொற்களில் பல சீனாவுக்கே ஏற்றுமதி ஆகி, இன்றும் அங்கே புழங்குகின்றன. 1877-இல் தோக்கியோ பல்கலைக்கழகம் தொடங்கியபோது கொழுத்த சம்பளத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் அவரவர் மொழியில் பாடம் நடத்தினார்கள். ஒரு தலைமுறைக்குள் அவர்களிடம் படித்த ஜப்பானியர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து ஜப்பானிய மொழியில் நடத்த ஆரம்பித்தார்கள்.

அதனால் ஒன்று நடந்தது. மாணவர்களின் இங்கிலீஷ் சரிந்தது. ஏன் இப்படிச் சரிகிறது என்று அப்போதே புலம்பல் கிளம்பியது. 1911-இல் நட்சுமே சோசெகி இதற்குப் பதில் சொன்னார். ஜப்பானின் மிகப் பெரிய நாவலாசிரியர். அதற்கு முன்னால் இங்கிலீஷ் வாத்தியார். அரசாங்கச் செலவில் லண்டனில் இரண்டு வருடம் இருந்து அல்லல்பட்டவர். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் இலக்கியம் நடத்தியவர். அவர் சொன்னதன் சாரம்: எங்கள் காலத்தில் பூகோளம், சரித்திரம், கணக்கு, தாவரம் எல்லாமே இங்கிலீஷ் புத்தகத்தில்தான் படித்தோம், அதனால் இங்கிலீஷ் வந்தது. இப்போது எல்லாம் நம் மொழியில் நடக்கிறது, இங்கிலீஷ் குறைவது இயற்கை. கல்வி ஒழுங்காக வளர்ந்ததற்கு அதுவே அடையாளம். பழைய நிலையை நினைத்தால் பிரிட்டிஷாரின் கீழ் இருக்கிற இந்தியா மாதிரி அல்லவா இருக்கிறது!

இது இரண்டாவது இடம். ஓர் இங்கிலீஷ் வாத்தியாரே இங்கிலீஷ் குறைவதைக் கண்டு கலங்காமல் இருந்தார் என்றால், அவர் கண் முன்னால் நின்றது நாம்தான்.

கொண்டுகூட்டுப் பொருள்கோள்

சரி, மற்றப் பாடங்கள் ஜப்பானிய மொழியில். இங்கிலீஷ் பாடம் என்று ஒன்று இருக்கிறதே, அதிலாவது பேச வந்திருக்கலாமே? அங்கேதான் அவர்களுடைய பழைய வழக்கம் குறுக்கே நின்றது.

ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஜப்பானியர்கள் சீன நூல்களைப் படித்த முறை தனி. சீன வாக்கியத்தின் சொல் வரிசை வேறு, ஜப்பானிய வரிசை வேறு. அதனால் சீன எழுத்துகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் குறிகள் போட்டு, எதை முதலில் படிப்பது, எதற்குத் திரும்பி வருவது என்று காட்டி, ஜப்பானிய மொழியாகவே வாசித்துவிடுவார்கள். நன்னூலில் பவணந்தியார் சொல்லும் கொண்டுகூட்டுப் பொருள்கோள் நினைவிருக்கிறதா? சொற்களை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் காண்பது. நம் உரையாசிரியர்கள் செய்யுளுக்குச் செய்ததை இவர்கள் ஓர் அந்நிய மொழிக்கே செய்தார்கள். இங்கிலீஷ் வந்ததும் அதே சட்டியில் அதையும் போட்டு வதக்கினார்கள். இந்த முறைக்கு 'யாகுதொகு' என்று பெயர். மொழிபெயர்த்துப் படிப்பது என்று அர்த்தம்.

எப்படி என்று பாருங்கள். 'ஐ வென்ட் டு மார்க்கெட் டு பை ரைஸ்' என்று ஒரு வாக்கியம். அதன் சொற்களுக்கு மேலே எண் போடவேண்டும். 'ஐ' 1, 'ரைஸ்' 2, 'டு பை' 3, 'மார்க்கெட்' 4, அதற்கு முன்னால் உள்ள 'டு' 5, 'வென்ட்' 6. அந்த வரிசையில் படித்தால் 'வதாஷி வா கொமே ஒ கயி நி இச்சிபா எ இத்தா' என்று வரும். கொமே அரிசி. கயி நி என்றால் வாங்க. இச்சிபா சந்தை. 'எ' நம்முடைய 'கு'. இத்தா போனேன். 'நான் அரிசி வாங்கச் சந்தைக்குப் போனேன்.' அப்படியே நம்முடைய வரிசை, ஒரு சொல்கூட இடம் மாறவில்லை! (தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல வருடம் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வாக்கியக் கட்டு ஒத்துப்போவது கண்ணுக்குத் தெரிகிறது.)

இந்த முறையால் எவ்வளவு கடினமான இங்கிலீஷ் புத்தகத்தையும் உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். ஆனால் காதில் விழுகிற பேச்சுக்கு எண் போட முடியாதே! எதிராளி அடுத்த வாக்கியத்துக்குப் போயிருப்பான், நாம் இன்னும் 'டு பை'க்கு 3 போட்டுக்கொண்டிருப்போம். ஒசாகா இன்ஜினீயரின் 'யெஸ், யெஸ்' எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது ஒலி. ஜப்பானிய மொழியில் உயிரொலி ஐந்து. மெய்யெழுத்தில் முடிகிற சொல் 'ன்' ஒன்றைத் தவிர கிடையாது. ல, ர வேறுபாடு இல்லை. இங்கிலீஷ் சொல்லைத் தங்கள் எழுத்தில் எழுதும்போது ஒவ்வொரு மெய்க்கும் ஓர் உயிரைச் சேர்க்கவேண்டும். மெக்டொனால்ட் 'மக்குதொனருதொ' ஆகிவிடும். நாமும் 'பஸ்ஸு', 'பேங்க்கு', 'இஸ்கூல்' என்கிறவர்கள்தான், சிரிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் நமக்குச் சொல்லின் முனையில்தான் கஷ்டம், அவர்களுக்கு நடுவிலும் கஷ்டம். 'ஸ்டிரைக்' என்ற ஒரே சொல் அங்கே இரண்டாகப் பிரிந்து, வேலைநிறுத்தத்துக்கு 'சுதொராய்க்கி', பேஸ்பால் ஆட்டத்துக்கு 'சுதொராய்க்கு' என்று நிற்கிறது. 'மேன்ஷன்' என்றால் மாளிகை அல்ல, அடுக்குமாடிக் குடியிருப்பு. இப்படிப் பழகிய சொற்கள் ஆயிரக்கணக்கில். அவை இங்கிலீஷ் போலத் தோன்றுவதாலேயே உண்மையான இங்கிலீஷுக்கு இடைஞ்சல். போர்த்துக்கீசியர் கொடுத்த ரொட்டிக்கு அவர்கள் 'பான்' என்கிறார்கள், நம் மும்பை அதையே 'பாவ்' என்கிறது. மணிப்பிரவாளத்தில் ஸ்ரீபுராணம் படித்தவர்களுக்கு, வந்த சொல்லையெல்லாம் இப்படித் தன் நடையில் கோத்துக்கொள்ளும் மொழி அந்நியமாகத் தோன்றாது.

மாற்ற வந்தவர்கள்

1922-இல் கல்வித்துறை ஹரால்ட் பாமர் என்ற இங்கிலீஷ்காரரை ஆலோசகராக அழைத்தது. முதலில் காது, பிறகு வாய், அப்புறம்தான் புத்தகம் என்பது அவர் முறை. 1923-இல் தோக்கியோவில் ஓர் ஆராய்ச்சி நிலையமும் தொடங்கினார். ஆசிரியர்கள் வந்து கேட்டார்கள், தலையாட்டினார்கள், ஊருக்குத் திரும்பிப் போய் எண் போட்டார்கள். நுழைவுத் தேர்வில் வருவது மொழிபெயர்ப்புதானே! பாமர் 1936-இல் கப்பலேறினார். ஆனால் அந்த நிலையத்தின் உழைப்பு ஒன்று நம் வீடுகளிலும் இருக்கிறது. அங்கே வேலை செய்த ஹார்ன்பி என்பவர் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, இங்கிலீஷைப் பிறமொழியாகப் படிக்கிறவர்களுக்கென்றே ஓர் அகராதி செய்தார். 1942-இல், போர் மும்முரத்தில், தோக்கியோவில் அச்சாயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் 1948-இல் அதை எடுத்துப் போட்டது. நம் பிள்ளைகள் மேஜையில் இருக்கிறதே தடிமனான ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி, அதன் பூர்வீகம் இதுதான். ஜப்பானியப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது, நமக்கு உதவுகிறது.

போர்க்காலத்தில் இங்கிலீஷ் எதிரியின் மொழி. பேஸ்பால் ஆட்டச் சொற்களைக்கூட மாற்றினார்கள். ஆனால் கடற்படைக் கல்லூரித் தலைவர் இனோவே ஷிகெயோஷி மட்டும் இங்கிலீஷ் பாடத்தை எடுக்க மறுத்துவிட்டார். தோற்ற பிறகு அந்தத் தளபதி தன் வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். சரணடைந்த 1945-இலேயே 32 பக்கத்தில் ஒரு பேச்சு இங்கிலீஷ் கையேடு வெளிவந்து 36 லட்சம் பிரதி விற்றது. பேரரசரின் வானொலி உரையைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே அந்தப் பதிப்பாளருக்கு இந்த யோசனை உதித்ததாம். அதுதான் வியாபாரி மூளை!

பிறகு நாடு பணக்கார நாடாயிற்று. கப்பல், கேமரா, கார், தையல் மிஷின். பேச வேண்டிய இடத்தில் சரக்கு பேசியது. உள்நாட்டிலேயே 12 கோடி பேர் வாங்க இருந்தார்கள். டாக்டர் படிப்பும் இன்ஜினீயரிங்கும் ஜப்பானிய மொழியில். இங்கிலீஷ் தெரியாமலே ஒருவன் பேராசிரியராகி ஓய்வு பெறலாம். பிறகு எதற்காகப் பேசிப் பழகவேண்டும்? பரீட்சைக்காக மட்டும் படித்தார்கள். நாடு முழுவதற்கும் பொதுவான நுழைவுத் தேர்வு 1979-இல் வந்தது. அதில் கேட்டல் பகுதி சேர்ந்தது 2006-இல்தான். பேசுவதற்கு மதிப்பெண் கிடையவே கிடையாது. இன்னொரு விசேஷம்: ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் படித்தாலும், நடுநிலைப் பள்ளியில் சட்டப்படி அது 2002 வரை விருப்பப்பாடம்தான்.

1974-இல் ஹிரைஸுமி வதாரு என்ற அரசியல்வாதி போட்டுடைத்தார். எல்லார் தலையிலும் இங்கிலீஷைக் கட்டுவது வீண், விருப்பமுள்ள ஐந்து சதவிகிதம் பேர் நன்றாகக் கற்றால் நாட்டுக்குப் போதும் என்றார். பேராசிரியர் வதனாபே ஷோயிச்சி எதிர்த்தார். எண் போட்டு மொழிபெயர்ப்பது மூளைக்குப் பயிற்சி, அதனால் தன் தாய்மொழியே கூர்மைப்படுகிறது, பேச்சு தேவைப்படும்போது தானே வரும் என்பது அவர் வாதம். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. என் 'தி'யைத் திருத்தியது வதனாபே சொன்ன படிப்புதானே. ஆனால் அந்த மனிதர் அரைமணி நேரம் என் எதிரில் தவித்ததும் அதே படிப்பால்தான்.

அரசு விடவில்லை. 1987-இல் வெளிநாட்டு இளைஞர்கள் 848 பேரை நான்கு நாடுகளிலிருந்து வரவழைத்து வகுப்புகளில் துணைக்கு நிறுத்தினார்கள். இப்போது அந்தத் திட்டத்தில் ஐயாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். 2000-இல் பிரதமர் ஒபுச்சி அமைத்த குழு, இங்கிலீஷை இரண்டாவது ஆட்சிமொழி ஆக்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தது. எதிர்ப்பில் அது அமுங்கிப்போயிற்று. 2011-இல் ஐந்தாம் வகுப்பிலிருந்து, 2020-இல் மூன்றாம் வகுப்பிலிருந்து என்று பிள்ளைகளின் வயதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கம்பெனிகளும் இறங்கின. ராகுதென் நிறுவனம் ஆபீஸ் வேலையெல்லாம் இங்கிலீஷில்தான் என்று 2010-இல் அறிவித்தது. ஜப்பானியர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இங்கிலீஷா, என்ன மடத்தனம் என்றார் ஹோண்டா தலைவர். ஐந்து வருடம் கழித்து ஹோண்டாவே வெளிநாட்டுக் கிளைகளோடு இங்கிலீஷ்தான் என்று சொல்லிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு 2024-இல் இ.எஃப். என்ற நிறுவனத்தின் பட்டியலில் 116 நாடுகளில் ஜப்பானுக்கு 92-ஆவது இடம். இஷ்டப்பட்டு இணையத்தில் தேர்வு எழுதுகிறவர்களை வைத்துப் போடுகிற பட்டியல் அது. அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம்விட 2019-இல் நடந்ததுதான் முக்கியம். பேச்சுத் திறனையும் சோதிக்கவேண்டும் என்று, பல்கலைக்கழக நுழைவுக்குத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் இங்கிலீஷ் தேர்வுகளைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். சிலவற்றுக்குக் கட்டணம் 25,000 யென்னுக்கு மேல். தேர்வு மையங்கள் நகரங்களில். தீவிலும் மலையிலும் இருக்கிற பிள்ளை கப்பல் பிடித்து, ஓட்டலில் தங்கி எழுதவேண்டும். வசதியுள்ளவன் முன்னாலேயே பலமுறை எழுதிப் பழகிக்கொள்ளலாம். இது அநியாயம் இல்லையா என்று அக்டோபரில் தொலைக்காட்சியில் கேட்டபோது கல்வி அமைச்சர் ஹாகியுதா, அவரவர் 'மிநொதகே'க்குத் தகுந்தபடி முயலட்டும் என்றார். தன் அளவுக்குத் தக்கபடி என்று அர்த்தம். நாம் சொல்வோமே, விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று, அந்த மாதிரி. நாடே கொதித்தது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். ஒரே வாரத்தில், நவம்பர் 1-ஆம் தேதி, திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2021-இல் கைவிட்டார்கள். லண்டனில் அந்த இளைஞர் பாபா எழுதி 146 வருடம் கழித்து, அவர் சொன்ன பிளவு ஜப்பானின் வாசலுக்கே வந்து எட்டிப்பார்த்தது. அங்கே அதைப் பார்த்துக் கொதித்தார்கள். இங்கே நாம் பிள்ளைக்கு மூன்று வயது ஆவதற்குள் அப்ளிகேஷன் வாங்க வரிசையில் நிற்கிறோம். நானும்தான் நின்றேன்.

இரண்டு பேர்

2008-இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர் மசுகாவா தோஷிஹிதே. அதுவரை வெளிநாடே போனதில்லை. ஸ்டாக்ஹோமில் மேடையேறி, எனக்கு இங்கிலீஷ் பேசத் தெரியாது, மன்னியுங்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி சொல்லிவிட்டு, முழு உரையையும் ஜப்பானிய மொழியில் நிகழ்த்தினார். குவார்க் துகள்களில் குறைந்தது ஆறு வகை இருக்கவேண்டும் என்று 1973-இலேயே நண்பரோடு சேர்ந்து கணக்குப் போட்டுச் சொன்ன மூளை அது. அந்தக் கட்டுரை வெளிவந்தது இங்கிலீஷில்தான். சிந்தித்தது எந்த மொழியில் என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொருவர் ஒககுரா ககுஸோ. 1860-களில் யோகோஹாமாவில் பிறந்தவர். தகப்பனார் பட்டு வியாபாரி. வெள்ளைக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள கடை, அதனால் பையனைச் சின்ன வயதிலேயே மிஷனரியிடம் இங்கிலீஷ் படிக்க அனுப்பினார். ஏழெட்டு வயதில் பையன் நன்றாகப் பேசினான். ஒரு நாள் தகப்பனும் பிள்ளையும் தோக்கியோவுக்குப் போகிற வழியில் எல்லைக் கல் ஒன்று இருந்தது. இதில் என்ன எழுதியிருக்கிறது படி என்றார் தகப்பனார். பையன் விழித்தான். சொந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. திடுக்கிட்டுப்போன தகப்பனார் பையனை ஒரு கோயிலில் குருவிடம் விட்டார். இங்கிலீஷையும் நிறுத்தவில்லை, இதையும் விடவில்லை. அந்தப் பையன்தான் 1902-இல் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தாரோடு பழகினார். ஆசியக் கலை பற்றி அவர் இங்கிலீஷில் எழுதிய நூல் 1903-இல் லண்டனில் வெளிவந்தபோது முன்னுரை எழுதியது சகோதரி நிவேதிதா. 1906-இல் வந்த அவருடைய தேநீர் பற்றிய புத்தகத்தை உலகமே படித்தது.

போன மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பேத்தி மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி மூன்றும் வாசிப்பாள். வந்தவாசி என்று போர்டு போட்ட பஸ் வந்து நின்றது. "தாத்தா, இது நம்ம பஸ்ஸா? என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். எனக்கு அந்த எல்லைக் கல் ஞாபகம் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதியதால் அப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. மும்பை திரும்பியதும் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தேன். டிராயிங் கிளாஸ் போகிறது என்று மருமகளுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம். 'ண', 'ன' வரைக்கும் வந்திருக்கிறாள்.